பூக்காரம்மாவுக்கு ஒரு கணக்கு

"நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வாருங்கள், அம்மா."

இன்று மருத்துவமனையில் அடுத்த மேசையில் நினைவாற்றல் சோதனை. பிறகு கடிகாரம் வரையச் சொன்னார்கள். அந்த அம்மா பேனாவை உளிபோல முழுக் கையால் பிடித்தார்.

"பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை, தம்பி. பூ முழக் கணக்குக் கேளுங்கள், சொல்கிறேன்."

மதிப்பெண் குறைந்தது மறதியாலா, எழுத்தறிவின்மையாலா?

இந்தச் சிக்கலோடு மல்லுக்கட்டியது, 1998இல் கொச்சியில் உருவான 10/66 ஆய்வுக் குழு. முன்னின்றவர் மனநல மருத்துவர் மார்ட்டின் பிரின்ஸ். பெயரே குற்றப்பத்திரிகைதான்: மறதிநோயாளிகளில் 66 சதவீதம் வளரும் நாடுகளில், ஆய்வுகளில் 10 சதவீதம்கூட அங்கில்லை. சென்னையிலும் வேலூர்க் கிராமங்களிலும் வீடுவீடாகப் போனார்கள்.

மறதிநோய் வரும் வாய்ப்பைக் கூட்டுபவை, ஆனால் மாற்றக்கூடியவை என்று லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024இல் சொன்ன 14 காரணிகளில் காது கேளாமையும் உண்டு. வீட்டுப் பெரியவர்களுக்குக் காதுப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.