ஒரே ஆள், ரெண்டு சீட்டு

2019இல் சென்னை ஓஎம்ஆர் ஐடி வேலையை விட்டு ஈரோட்டுக்குத் திரும்பியபோது லேப்டாப்போடு ஒரு பழக்கமும் கூடவே வந்துவிட்டது. காலை 9:45 ஆனால் எழுந்து நிற்பது. ஏழு வருஷம் ஒன்பது பேர் டீமில் தினமும் ஸ்டாண்டப் என்ற நின்றபடி நடக்கும் குட்டிக் கூட்டத்தில் பேசியவன் நான். நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்யப்போகிறேன், தடை ஏதும் உண்டா. ஊரில் என் அறையில் தனியாக நின்று இதையே முணுமுணுத்துக்கொண்டிருந்தபோது அம்மா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

“யாருகூடடா கண்ணு பேசிட்டிருக்கற?”

பதில் சொல்ல முடியவில்லை.

இங்கே என் பிழைப்பு ஜவுளிக் கடைகளுக்கான பில்லிங் சாஃப்ட்வேர். மொத்த வியாபாரம், ரெடிமேட், இரண்டும் கலந்தவர்கள். முதல் வருஷம் முழுக்க ஸ்க்ரம்தான், டீமாக வேலையைப் பிரித்துச் செய்கிற அந்த முறை. ட்ரெல்லோ ஆப்பில் வேலைப் போர்டு, ஸ்ப்ரிண்ட் என்ற இரண்டு வாரத் தவணை, ஒவ்வொரு வேலையும் எவ்வளவு கனம் என்று மதிப்பிட ஸ்டோரி பாயிண்ட். எனக்கு நானே பாயிண்ட் போட்டு எனக்கு நானே பேரம் பேசியதை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. முதல் ஸ்ப்ரிண்டில் 14 வேலை எடுத்தேன், முடித்தது 3. ஸ்க்ரம் மேல் குற்றம் சொல்ல மாட்டேன். பத்துப் பேர் வரைக்குமான சின்ன டீமில் ஒருத்தர் செய்வது இன்னொருத்தருக்குத் தெரியாமல் போகிற பிரச்சினைக்கு அது மருந்து. என் வியாதி வேறு. மூன்று மாசம் முன்னால் நானே எழுதியது எனக்கே தெரியாது, அதைப் புரிந்துகொள்வதற்குள் போன் அடிக்கும்.

போனுக்கு மருந்து என்று பொமடோரோவைப் பிடித்தேன். 1980களின் கடைசியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிய மாணவர் தக்காளி வடிவ சமையலறை டைமரை வைத்துப் படித்ததில் பிறந்த முறை. 25 நிமிஷம் வேலை, 5 நிமிஷம் ஓய்வு. நடுவில் தடைபட்டால் அந்தத் தக்காளி கணக்கில் சேராது. ஈரோட்டில் ஜவுளிச் சந்தை திங்கள் ராத்திரி கூடி செவ்வாய் வரை நடக்கும். அந்தச் செவ்வாய்க்கிழமைகளில் என் தக்காளிக் கணக்கு பூஜ்யம். பதினோராவது நிமிஷத்தில், “தம்பி, பிரிண்டர்ல பில்லு கோடு கோடா வருதுங்க.” எடுக்காமல் இருக்க முடியுமா? அங்கே பத்து வியாபாரி வரிசையில் நிற்கிறார்கள்.

எக்ஸ்ட்ரீம் ப்ரோக்ராமிங் என்ற எக்ஸ்பி முறையையும் விடவில்லை. அது ஜோடியாக உட்கார்ந்து எழுதச் சொல்லும். எனக்கு வாய்த்த ஜோடி மேஜை மேலிருந்த தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை. எந்தப் புரோகிராம் கோடைக் காட்டினாலும் ஆமாம் ஆமாம் என்கிறது. குறை கண்டுபிடிக்க லாயக்கில்லை.

ஒரு நாள் பட்டுத்தான் தெளிந்தேன். ஒரே சமயத்தில் ஒன்பது வேலையைத் தொட்டுப் பாதியில் விட்டிருந்தேன், கோடின் மாற்றங்களைச் சேமித்துவைக்கும் ஜிட்டில் வேலைக்கொன்றாக ஒன்பது கிளை. ஒரு கடைக்கு அவசரமாக ஒரு பிழையைத் திருத்தி அனுப்பியதில், அரைகுறையாகக் கிடந்த தள்ளுபடி பக்கமும் சேர்ந்து போய்விட்டது. அரை நாள் அந்தக் கடையில் எல்லாருக்கும் பத்து சதவீதம் தள்ளுபடி. முதலாளி திட்டவில்லை. “வந்தவங்க எல்லாம் சந்தோஷமாப் போனாங்க தம்பி” என்று மட்டும் சொன்னார். அதற்குத் திட்டியே இருக்கலாம்.

அன்றைக்குத்தான் கான்பனை ஒழுங்காகப் படித்தேன். டொயோட்டா தொழிற்சாலையில் அட்டைகளை வைத்து ஆரம்பித்த விஷயம். பலரும் ‘செய்யவேண்டியது’, ‘செய்வது’, ‘முடிந்தது’ என்று மூன்று கட்டம் போட்ட போர்டோடு நிறுத்திக்கொள்கிறார்கள். உயிர் இருப்பது நடுக் கட்டத்தின் மேல் எழுதும் எண்ணில்: ஒரே சமயத்தில் இத்தனை வேலைக்கு மேல் கை வைக்காதே. எனக்கு அது 2. ஒன்று பெரியது. இன்னொன்று, பெரியதற்கு ஆடிட்டர் பதிலுக்காகக் காத்திருக்கும்போது செய்ய.

போர்டு என் பீரோக் கதவு. சோதனைக்காக எப்படியும் ஒரு தெர்மல் பிரிண்டர் வைத்திருக்கிறேன், அதிலேயே வேலைச் சீட்டை பில் மாதிரி அடித்துக் காந்தத்தில் ஒட்டுகிறேன். பீரோ ஜன்னலுக்கு எதிரே இருப்பதால் வெயில் பட்டு மூன்று நாலு மாசத்தில் எழுத்து மங்கிவிடும். மங்கும்வரை யாரும் மறுபடி கேட்காத வேலை குப்பைக்குப் போகும். திட்டமிட்டுச் செய்ததில்லை, ஆனால் காத்திருக்கும் வேலைப் பட்டியலை, அதாவது பேக்லாக்கை, இதைவிட நேர்மையாகச் சுத்தம் செய்வதை எந்த மென்பொருளிலும் கண்டதில்லை.

இது தாங்குமா என்று 2025 செப்டம்பரில் தெரிந்தது. 3ஆம் தேதி ஜிஎஸ்டி கவுன்சில் அறிவிப்பு, 22ஆம் தேதி முதல் அமல், தீபாவளிக்கு நாலு வாரம். அதுவரை ஓர் உடுப்பின் விலை 1000 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 12. இனி 2500 வரை 5, அதற்கு மேல் 18. கோடில் அந்த 1000ஐத் தேடினேன். பதினோரு இடத்தில் கிடைத்தது. பதினோரு இடத்திலும் எழுதியவன் நானேதான்.

நடுக் கட்டத்தில் இருந்த இரண்டில் ஒன்றை இறக்கி இந்தச் சீட்டை ஏற்றினேன். மற்றதெல்லாம் வரிசையில் காத்திருந்தது. பொம்மை கைவிட்டாலும் எக்ஸ்பியில் கற்ற ஒன்று உதவியது: முதலில் டெஸ்ட், அதாவது விடை சரியா என்று தானாகச் சோதிக்கும் கோடு. 999, 1000, 1001, 2500, 2501. தள்ளுபடி போனபின் 2500க்குக் கீழே வரும் 2,600 ரூபாய் சட்டை. 20ஆம் தேதி பில்லை 23ஆம் தேதி மறுபடி அடித்தால் பழைய வரிதான் வரவேண்டும். முன்னால் விற்றது 25ஆம் தேதி திரும்பி வந்தாலும் பழைய வரியில்தான் கழிக்க வேண்டும். இவை எல்லாம் சிவப்பாகத் தோற்று நிற்பதைப் பார்த்த பிறகே கோடைத் தொட்டேன். வரம்பு, வீதம், தேதி மூன்றையும் ஓர் அட்டவணையில் போட்டேன், பதினோரு இடமும் அதைப் போய்க் கேட்கும்படி. 18ஆம் தேதி, வியாழன், எல்லாக் கடைக்கும் போய்விட்டது. சந்தை நடக்கும் திங்கள் செவ்வாயில் நான் எதையும் அனுப்புவதில்லை. 22ஆம் தேதி திங்கட்கிழமை.

ஸ்க்ரமில் இருந்து ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டேன், செய்ததைப் பயன்படுத்துகிறவர்களிடமே பார்க்கும் ரிவ்யூ. இரண்டு வாரத்துக்கு ஒரு வெள்ளி, ஏதாவது ஒரு கடையில் கல்லாவுக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிடுவேன். போன மாசம் ஈஸ்வரன் கோவில் வீதியில் ஒரு கடை. பில் போடும் அக்கா ஒவ்வொரு உருப்படிக்கும் டக் டக் டக் டக் என்று நாலு எண்டர் தட்டினார். நடுவில் யாரும் நிரப்பாத நாலு கட்டம்.

“ஏனுங்க்கா, இதைச் சொல்லியிருக்கலாமில்ல?”

“அது அப்படித்தான் போலன்னு இருந்துட்டனுங்க தம்பி.”

சீட்டு அடித்து, அடுத்த வாரமே நாலையும் எடுத்து, ‘முடிந்தது’ பக்கம் நகர்த்திவிட்டேன். சனிக்கிழமை போன் வந்தது. அக்காவின் விரல் இன்னும் நாலு எண்டர்தான் தட்டுகிறது. இப்போது நாலாவதில் பில் அச்சாகிவிடுகிறது. சீட்டு மறுபடி நடுக் கட்டத்தில்.