கண்ணை எடுத்த பிறகுதான் தூங்கினேன்

ராத்திரி இரண்டு மணிக்கு வலது கண்ணில் ஐஸ் துணியை அமுக்கிக்கொண்டு சமையல்கட்டில் உட்கார்ந்திருப்பேன். பார்வை போய் எட்டு மாதம். டார்ச் அடித்தாலும் தெரியாது. வலி மட்டும் கண்ணுக்குப் பின்னாலிருந்து கடைவாய்ப் பல் வரை இழுக்கும்.

எனக்குச் சுகரும் பிரஷரும் உண்டு. விழித்திரையின் ரத்தக்குழாய் அடைத்தபோது மாதாமாதம் வரச் சொன்னார்கள். கடையைச் சாக்குச் சொல்லிப் போகவில்லை. மூன்றே மாதத்தில் வேண்டாத ரத்தக்குழாய்கள் முளைத்து, கண்ணுக்குள் ஊறும் நீர் வடிகிற வழியை அடைத்துவிட்டன. இப்படிக் கண்ணுக்குள் அழுத்தம் ஏறுகிற நோய்க்கு 'நூறு நாள் குளுக்கோமா' என்றே டாக்டர்களிடம் ஒரு பெயர் உண்டாம். 21-க்குள் இருக்க வேண்டிய கண் அழுத்தம் எனக்கு 58. சொட்டு மருந்து, மாத்திரை, லேசர், எல்லாம் பார்த்தாயிற்று.

எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொன்னதும் கோபம்தான் வந்தது. நான்கு மாதம் இழுத்தடித்தேன். "இருந்துட்டுப் போகட்டும்டா" என்றார் பெரியப்பா மகன். அவருக்கென்ன, ராத்திரி முழித்திருப்பது நானல்லவா.

கருவிழி வெளுத்துவிட்டதால் உள்ளே பார்க்க முடியவில்லை, ஸ்கேன் எடுத்தார்கள். கண்ணின் வெளிப்புற வெள்ளைக் கூட்டை விட்டுவிட்டு உள்ளிருப்பதை மட்டும் எடுப்பதும் உண்டு. எனக்கு ஓரிடத்தில் தடிப்பு தெரிந்ததால், கட்டியாக இருந்துவிடக் கூடாதே என்று முழுக் கண்ணையும் எடுத்து பயாப்ஸிக்கு அனுப்பினார்கள். நல்லவேளை, கட்டி இல்லை.

ஆபரேஷனன்று எந்தக் கண் என்று மூன்று பேர் தனித்தனியாகக் கேட்டார்கள். மூன்றாவது ஆளிடம் எரிந்து விழுந்தேன். அவர் பேசாமல் வலது புருவத்துக்கு மேல் பேனாவால் அம்புக்குறி போட்டபோதுதான் ஏன் கேட்கிறார்கள் என்று உறைத்தது.

முழிப்பு வந்ததும் வாந்தி, தலையைச் சுற்றி இறுக்கமான கட்டு. ஆனால் அந்தப் பழைய வலி இல்லை. வெட்டின இடத்து வலி வேறு மாதிரி, மாத்திரைக்கு அடங்குகிற வலி. அன்றைக்கு ஆறு மணி நேரம் தூங்கினேன். நான்கு மாதத்தை வீணாக்கிவிட்டோமே என்று அப்புறம்தான் ஆற்றாமை வந்தது.

எடுத்த இடத்தில் ஓர் உருண்டையை வைத்து, கண்ணை அசைக்கும் தசைகளை அதோடு தைத்திருந்தார்கள். அதனால் செயற்கைக் கண்ணும் கொஞ்சம் அசையும். மிச்சமிருக்கிற கண்ணைக் காப்பாற்ற, பவர் இல்லாவிட்டாலும் உடையாத பாலிகார்பனேட் கண்ணாடி எப்போதும் போடச் சொன்னார்கள். ஊனமுற்றோர் சான்றிதழில் ஒரு கண்ணுக்கு 30 சதவீதம்தான். பெரும்பாலான சலுகைகளுக்கு 40 வேண்டும். அலைந்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

ஆறு வாரம் கழித்து அச்செடுத்துச் செயற்கைக் கண் செய்தார்கள். செய்பவர் என் இடது கண்ணைப் பார்த்துப் பார்த்து வண்ணம் தீட்டினார். வெள்ளையில் ஓடும் நரம்புக்கு மெல்லிய சிவப்பு நூலை ஒட்டினார். பக்கத்தில் நின்ற என் வீட்டம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு வெள்ளை வேண்டாங்க, கொஞ்சம் பழுப்பாப் போடுங்க. இவருக்கு எப்பவும் அப்படித்தான்" என்றாள்.