வில்பத்துவில் சிறுத்தையின் பின்னால்

புத்தளத்தில் இருந்து இருட்டோடு கிளம்பி, இலங்கையின் வில்பத்து தேசியப் பூங்காவுக்கு ஹுனுவிலகம வாசலில் டிக்கெட் எடுத்துக்கொண்டு உள்ளே போனோம். வில்பத்துவில் நான் பார்க்க ஆசைப்பட்டது சிறுத்தையை. அதற்கு முதலில் வில்லுகளைப் பார்க்க வேண்டும் என்றார் ஜீப் ஓட்டிய நானா. மழைநீர் தேங்கி நிற்கும் மணற்கரை ஏரிகளைத்தான் வில்லு என்கிறார்கள். சுற்றிலும் புல்வெளி, அதற்குப் பின்னால் அடர்காடு. புல்லுக்கும் தண்ணீருக்கும் மான் வெளியே வந்துதான் ஆக வேண்டும். காட்டோரத்தில் சிறுத்தை பொறுமையாகக் கிடக்கும்.

பாதை மணலில் ஒரு தடம். நான்கு விரல், பின்னால் அகன்ற பாதம், நகக்குறி இல்லை. சிறுத்தை நகத்தை உள்ளிழுத்துக்கொண்டு நடக்கிற விலங்கு; நாய் என்றால் நக நுனி மண்ணில் குத்தியிருக்கும். முன்னே போன ஜீப்பின் டயர் அச்சுக்கு மேலேயே பதிந்திருந்ததால், போய் அதிக நேரம் ஆகவில்லை.

"சத்தம் போடாதீங்க தம்பி, மான் கத்துது" என்றார் நானா. சிறுத்தையைக் கண்டால் மான் எச்சரித்துக் கத்தும்.

வளைவு தாண்டியதும் நடுப்பாதையில் சிறுத்தை போய்க்கொண்டிருந்தது. தடித்த கழுத்துள்ள ஆண். வால் நுனி மேலே வளைந்து அடிப்பக்கத்து வெள்ளை தெரிந்தது. ஒரு பாலை மரத்தடியில் நின்று மோந்து பார்த்து, பின்பக்கத்தைத் திருப்பி அடிமரத்தில் சிறுநீரைப் பீய்ச்சியது. தன் எல்லையை மற்றச் சிறுத்தைகளுக்குச் சொல்லும் முறை அது. அப்புறம் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்தது.

அந்தத் தைரியத்துக்குக் காரணம் இருக்கிறது. இந்தியக் காடுகளில் புலியும் செந்நாய்க் கூட்டமும் இருக்கும் இடங்களில் சிறுத்தை ஒதுங்கித்தான் வாழ வேண்டும். வேட்டையை மரத்தில் ஏற்றியாவது காப்பாற்ற வேண்டும். இலங்கையில் புலியும் இல்லை, செந்நாயும் இல்லை. தரையில் அதை அதட்ட அதைவிடப் பெரிய வேட்டை விலங்கு கிடையாது. 1956இல் இலங்கை விலங்கியலாளர் தெரணியகல இலங்கைச் சிறுத்தையைத் தனித் துணையினமாக வகைப்படுத்தினார். இந்தத் தீவுக்கு வெளியே எந்தக் காட்டிலும் இது இல்லை.

சிறுத்தையைத் தவிர மீன்பிடிப் பூனை, காட்டுப்பூனை, துரு நிறப் புள்ளிகள் கொண்ட துரும்பன் பூனை என்று மூன்று சிறிய காட்டுப் பூனையினங்களும் இலங்கையில் உண்டு. துரும்பன் பூனை வளர்ந்தாலும் ஒன்றரைக் கிலோ அளவுதான். இரவில்தான் அதிகம் நடமாடும். பகல் சவாரியில் பார்க்கக் கொடுத்து வைக்க வேண்டும்.

போர்க்காலத்தில் பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்த வில்பத்துவை 2010இல் மறுபடி திறந்தார்கள். இங்கே சிறுத்தைக்குக் காவல் உண்டு. ஆனால் நாட்டின் நடுவே உள்ள மலையகத்தில் தேயிலைத் தோட்டமும் காடும் ஒட்டிக்கிடப்பதால், பன்றிக்கு வைக்கும் கம்பிச் சுருக்கில் சிறுத்தையும் மாட்டுகிறது. 2020 மே மாதம் அங்கே நல்லதண்ணி என்ற ஊர்ப் பகுதியில் சிக்கிய கருஞ்சிறுத்தை சில நாட்களில் செத்துப்போனது. அந்தப் பக்கம் இருக்கிறவர்கள் சுருக்குக் கம்பியைக் கண்டால் தயவுசெய்து வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு உடனே சொல்லுங்கள்.