தாடை எலும்பில் நீர்க்கட்டி: எந்த வகை என்று தெரிந்துகொள்ளும் வரை

வலி இல்லை, வீக்கம் இல்லை. வேறொரு பல்லுக்காக எடுத்த ஓபிஜியில்தான், அதாவது இரண்டு தாடையையும் ஒரே படத்தில் காட்டும் எக்ஸ்ரேயில்தான், அது மாட்டியது. கீழ்த்தாடையின் இடப்பக்கம், முளைக்காமல் எலும்புக்குள்ளேயே சாய்ந்து கிடந்த ஞானப்பல்லின் தலையைச் சுற்றி ஒரு கறுப்புப் பகுதி. தாடை காதுப்பக்கம் மேலேறும் இடம் வரை நீண்டிருந்தது. ஓரத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு. பல் மருத்துவர், "சிஸ்ட் மாதிரி இருக்கு. என்ன சிஸ்ட்னு இந்தப் படத்தை மட்டும் வச்சு சொல்ல முடியாது" என்று சொல்லி, முகத்தாடை அறுவை நிபுணரிடம் அனுப்பிவைத்தார்.

எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் இல்லை என்பதைத்தான் எக்ஸ்ரே காட்டும். உள்ளே இருப்பது நீரா, கூழா, சதையா என்று அதில் தெரியாது. பல் சார்ந்த நீர்க்கட்டிகளில் அதிகம் பார்ப்பது, உயிரிழந்த பல்லின் வேர்நுனியில் வருவது. சொத்தை ஆழமாகி உள்ளே நரம்பும் ரத்தக்குழாயும் செத்துப்போனால் வேர்நுனியில் அழற்சி நிலைத்துவிடும். பல் உருவான காலத்தில் மிஞ்சிப்போன செல்கள் அங்கே தூண்டப்பட்டுப் பெருகிக் கட்டியாகும். அடுத்தது, முளைக்காத பல்லின் தலையைச் சுற்றி வருவது. கீழ் ஞானப்பல்லுக்கும் மேல் கோரைப்பல்லுக்கும் இது அதிகம். மூன்றாவது கெரட்டோசிஸ்ட். எடுத்த பிறகும் திரும்பி வரும் குணம் இதற்கு உண்டு. இவை போதாதென்று அமிலோபிளாஸ்டோமா என்ற ட்யூமரும் படத்தில் இதே வேஷத்தில் வரும். அதற்குச் சிகிச்சையே வேறு, பல நேரம் எலும்பையும் சேர்த்து வெட்ட வேண்டியிருக்கும்.

அறுவை நிபுணர் முதலில் கை வைத்தது ஞானப்பல்லில் அல்ல, அதற்கு முன்னால் இருந்த கடைவாய்ப்பல்லில். சின்னப் பஞ்சில் குளிர் ஸ்ப்ரே அடித்து அதன் மேல் வைத்தார். "கூசினா கையைத் தூக்குங்க." சுள்ளென்று ஏறியது, தூக்கினேன். பஞ்சை எடுத்ததும் கூச்சம் அடங்கிவிட்டது. அந்தப் பல் உயிரோடு இருக்கிறது, ஆகவே இது வேர்நுனியில் வந்த கட்டியாக இருக்க வாய்ப்பு குறைவு என்றார். செலவே இல்லாத இந்தச் சோதனையை வேறு யாரும் செய்து பார்த்திருக்கவில்லை. கறுப்பு நிழல் வேரைத் தொடுகிறது என்பதற்காக நல்ல பல்லுக்கு ரூட் கேனால் செய்துவிடாமல் காப்பாற்றுவது இதுதான்.

பிறகு தாடையை உள்ளேயும் வெளியேயும் விரலால் அழுத்திப் பார்த்தார். கட்டி எலும்பை வெளியே தள்ளி மெலிய வைத்திருந்தால், முட்டை ஓட்டை அழுத்துவது போல நொறுநொறுவென்று உணர முடியுமாம். எனக்கு அப்படி இல்லை. இவ்வளவு நீளம் ஓடியும் கன்னப்பக்கம் புடைக்கவே இல்லை என்பதை அவர் குறித்துக்கொண்டார். கெரட்டோசிஸ்ட் எலும்பின் உட்பகுதி வழியே நீளவாக்கில் ஊர்ந்து வளரும், வீங்க வைப்பது குறைவு. கீழ் உதடு மரத்துப்போகிறதா என்றும் கேட்டார். சீழ் பிடிக்காத சாதாரண நீர்க்கட்டி உதட்டை மரக்கச் செய்வது அரிது, அப்படி இருந்தால் வேறு சந்தேகங்களும் வரும்.

தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் சிபிசிடி ஸ்கேனில், உதட்டுக்குப் போகும் நரம்பின் குழாய் கீழே தள்ளப்பட்டிருப்பதும், நாக்குப்பக்கம் எலும்பு ஓரிடத்தில் ஓட்டையாகவே இருப்பதும் தெரிந்தது. அளவும் எல்லையும் துல்லியமாகக் கிடைத்தன. வகை மட்டும் இன்னும் கிடைக்கவில்லை.

அடுத்து, மரத்துப்போக ஊசி போட்டு, தடிமனான வேறொரு ஊசியால் கட்டிக்குள் இருப்பதை உறிஞ்சினார்கள். இதற்கு இரண்டு காரணம். சிரிஞ்சில் ரத்தமாகவே வந்தால் அது ரத்தக்குழாய்க் கோளாறாக இருக்கலாம், அதைத் திறப்பது ஆபத்து. அப்படி இல்லையென்றால், வருவது என்ன என்பதே ஒரு தடயம். தெளிந்த மஞ்சள் நீர் என்றால் சாதாரண நீர்க்கட்டிகளின் பக்கம் சாயும். எனக்கு வெண்மையாக, கொழகொழவென்று, ஊசிக்குள் ஏறவே சிரமப்பட்டு வந்தது. மருத்துவர் "ம்ம்" என்றார், வேறொன்றும் சொல்லவில்லை.

அங்கேயே சின்ன ஜன்னல் போல எலும்பைத் திறந்து, கட்டியின் சுவரில் ஒரு துண்டை வெட்டி ஃபார்மலின் பாட்டிலில் போட்டார்கள். பாட்டிலில் என் பெயரும் 'இடது கீழ்த்தாடை' என்பதும் எழுதியிருக்கிறதா என்று படித்துப் பார்த்துவிட்டுத்தான் நாற்காலியை விட்டு இறங்கினேன். சின்னக் கட்டி என்றால் மொத்தமாக எடுத்துவிட்டு அதையே பரிசோதனைக்கு அனுப்புவது வழக்கம். பெரிதாகவும் சந்தேகத்துக்கு இடமாகவும் இருந்தால் முதலில் இப்படித் துண்டெடுத்துப் பார்க்கும் பயாப்ஸி. இந்த இடத்தில் அவசரப்படுத்தும் மருத்துவரிடம் நான் இன்னொரு கருத்து கேட்பேன். எவ்வளவு வெட்டுவது என்பதே அந்த ரிப்போர்ட்டை வைத்துத்தான் முடிவாகிறது.

ரிப்போர்ட்டில் கெரட்டோசிஸ்ட் என்று வந்தது. சில செல் அடுக்குகளே கொண்ட மெல்லிய படலம், அலை அலையான மேற்பரப்பு, அடியில் வரிசை பிடித்து நிற்கும் செல்கள். இவைதான் அடையாளங்களாம். இணையத்தில் தேடினால் சில இடங்களில் ட்யூமர் என்று போட்டிருந்ததில் வயிறு கலங்கியது. 2005-ல் உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு இதை ட்யூமர் பட்டியலில் சேர்த்திருந்தது, 2017-ல் மறுபடி சிஸ்ட் பட்டியலுக்கே கொண்டுவந்துவிட்டார்கள். பழைய கட்டுரைகளைப் படிப்பவர்கள் தேதியைப் பாருங்கள்.

ரிப்போர்ட்டைக் கொடுத்த கையோடு, "உள்ளங்கையைக் காட்டுங்க" என்றார். ஜோசியமா என்று நினைத்தேன். கோர்லின் நோய்க்குறி என்ற பரம்பரைக் கோளாறில் இந்தக் கட்டிகள் பல இடங்களில் வரும், உள்ளங்கையில் சின்னச் சின்னக் குழிகள் இருக்கும், இளம் வயதிலேயே ஒரு வகைத் தோல் புற்றுநோயும் வரும். எனக்கு ஒரே கட்டி, கையில் குழி இல்லை, வீட்டிலும் யாருக்கும் இல்லை.

சிகிச்சை நீண்டது, ஆனால் சொல்ல அதிகம் இல்லை. கட்டிக்குள் சின்னக் குழாய் வைத்து, தினமும் சிரிஞ்சால் சலைன் விட்டுக் கழுவினேன். உள்ளழுத்தம் குறைந்ததும் எலும்பு மெல்ல வளர்ந்து, சில மாதங்களில் கட்டி நரம்பை விட்டு விலகியது. அதன் பிறகு ஞானப்பல்லோடு சேர்த்து மொத்தமாக எடுத்தார்கள். எடுத்ததையும் முழுசாக லேபுக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். பயாப்ஸியில் போனது ஒரு மூலைத் துண்டுதான், மீதியில் வேறொன்று இருக்கவும் கூடும். எனக்கு இரண்டு ரிப்போர்ட்டும் ஒத்துப்போயின.

திரும்பி வருவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் 5 ஆண்டுகளுக்குள் வரும், 10 ஆண்டு கழித்து வந்தவையும் உண்டு. அதனால் வருஷத்துக்கு ஒரு ஓபிஜி எடுக்கிறேன். பழைய படங்கள், ஸ்கேன் சிடி, லேப் எண்ணோடு இரண்டு ரிப்போர்ட்டுகள் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கின்றன. மருத்துவர் மாறினாலும் அந்த எண்ணை வைத்து, லேபில் திசுவை வைத்துப் பார்த்த கண்ணாடி ஸ்லைடை வாங்கி மறுபடி பார்க்கச் சொல்லலாம்.