பைபிளை நம்பலாமா? முதலில் எந்த வசனம் என்று சொல்லுங்கள்

"பைபிள் உண்மையா?" என்று மொத்தமாகக் கேட்பவர்களுக்கு மொத்தமான பதில்தான் கிடைக்கும். கேள்வியை ஒரு வசனத்துக்குச் சுருக்கி, அதையும் இரண்டாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். இந்த வசனத்தை நூலாசிரியர்தான் எழுதினாரா? அவர் எழுதியிருந்தால், அது நடந்ததா? முதல் கேள்விக்குப் பெரும்பாலும் விடை காண முடியும். இரண்டாவதற்குச் சில இடங்களில்தான் முடியும். விவாதங்களில் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் இவ்வளவு சத்தம்.

புதிய ஏற்பாட்டையே எடுத்துக்கொள்வோம். ஆசிரியர்கள் கைப்பட எழுதிய ஏடு ஒன்றுகூட இன்று இல்லை. இருப்பதெல்லாம் படியைப் பார்த்து எடுத்த படிகள். கிரேக்கத்தில் மட்டும் 5,000-க்கு மேல். அவற்றை ஒப்பிட்டு இடைச்செருகலைப் பிரிப்பதற்கு மதநம்பிக்கையும் தேவையில்லை, நாத்திகமும் தேவையில்லை. கம்பராமாயணப் பதிப்புகளில் மிகைப்பாடல்களைத் தனியே ஒதுக்கி அச்சிடுகிறோமே, அதே வேலைதான்.

வீட்டிலேயே செய்து பார்க்கலாம். சபைகளில் புழங்கும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பையும், 1995-ல் வந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் வைத்து, 1 யோவான் 5:7-ஐத் திறந்து பாருங்கள். பழையதில் பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள் பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி என மூவர் என்றும், அம்மூவரும் ஒன்று என்றும் வரும். பொது மொழிபெயர்ப்பில் அந்தப் பகுதி இருக்காது. யாரோ திருடிவிட்டார்கள் என்று பிரசங்கம் செய்பவர்கள் உண்டு. நடந்தது நேர்மாறு. பழைய கிரேக்கப் படிகள் எதிலும் அந்த வரி கிடையாது. லத்தீன் வழியில் வளர்ந்து உள்ளே வந்தது அது. டச்சு அறிஞர் எராஸ்மஸ் 1516-லும் 1519-லும் அச்சிட்ட கிரேக்கப் பதிப்புகளில் அதைச் சேர்க்கவில்லை. எதிர்ப்பு கிளம்பியது. அந்த வரியுள்ள ஒரு கிரேக்கப் படி காட்டப்பட்டபின் 1522 பதிப்பில் சேர்த்தார். இப்போது டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் இருக்கும் அந்தப் படி 16ஆம் நூற்றாண்டுச் சரக்கு. ("ஒரு படி காட்டினால் சேர்க்கிறேன்" என்று எராஸ்மஸ் வாக்குக் கொடுத்ததாக ஒரு கதை சுற்றுகிறது. அதற்கே சரியான ஆதாரம் இல்லை. வேதத்தைச் சோதிப்பவர்கள் இதையும் சோதிக்கலாம்.)

படிகளைவிட வலுவான சான்று மௌனம். 4ஆம் நூற்றாண்டில், குமாரன் பிதாவுக்குச் சமமல்ல என்ற ஆரியுவின் கொள்கையை எதிர்த்துக் கிரேக்கத் திருச்சபையின் அறிஞர்கள் திரித்துவத்துக்காக (பிதா, குமாரன், ஆவி மூவரும் ஒரே கடவுள் என்ற கோட்பாடு) மல்லுக்கட்டினார்கள். கையில் இப்படியொரு வசனம் இருந்திருந்தால் விட்டிருப்பார்களா? ஒருவரும் எடுத்துக்காட்டவில்லை.

மாற்கு நற்செய்தியின் முடிவு இதைவிடச் சிக்கலானது. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய், வத்திக்கான் படிகள் இரண்டிலும் நூல் 16:8-லேயே நின்றுவிடுகிறது. கல்லறைக்கு வந்த பெண்கள் பயந்து ஓடுகிறார்கள், ஒருவரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. அவ்வளவுதான். வத்திக்கான் படியை எழுதியவர் அதன்பின் பக்கத்தின் ஒரு நெடும்பத்தி (column) முழுவதையும் வெற்றாக விட்டு, லூக்காவை அடுத்த பக்கத்தில் தொடங்குகிறார். வேறொரு முடிவு உண்டென்று தெரிந்தே இடம் விட்டாரா என்று இன்றும் வாதாடுகிறார்கள். 9 முதல் 20 வரையிலான வசனங்களின் நடை வேறு. ஏற்கெனவே அறிமுகமான மகதலேனா மரியாளைப் புதிதாக அறிமுகப்படுத்துவதுபோல 9ஆம் வசனம் தொடங்குவதும் ஒட்டவில்லை.

ஆனால் "பழைய படியில் இல்லை, ஆகவே பிற்காலத்தது" என்று தாவிவிடக் கூடாது. சுமார் கி.பி. 180-லேயே ஆதித் திருச்சபை ஆயர் இரேனியு 16:19-ஐ மாற்கின் வார்த்தையாக மேற்கோள் காட்டுகிறார். அது நம் கையிலுள்ள அந்த இரண்டு படிகளுக்கும் முந்திய காலம். ஆக, இந்த முடிவு பழையது, ஆனால் மாற்கு எழுதியதாகத் தெரியவில்லை. ஏட்டின் வயது வேறு, அதிலுள்ள பாடத்தின், அதாவது வாசகத்தின், வயது வேறு. புதிதாக இதில் இறங்குபவர்கள் முதலில் சறுக்குவது இங்கேதான்.

இது வெறும் ஏட்டுச் சண்டை இல்லை. "சர்ப்பங்களை எடுப்பார்கள்" என்ற 16:18 இந்தப் பகுதியில்தான் வருகிறது. அதை அப்படியே நம்பி, அமெரிக்காவில் ஆராதனையில் பாம்பைக் கையில் எடுக்கும் வழக்கத்தைப் பரப்பிய ஜார்ஜ் ஹென்ஸ்லி 1955-ல் பாம்பு கடித்தே இறந்தார்.

இன்னொரு சறுக்கல் எண்ணிக்கை. படிகளுக்கிடையே லட்சக்கணக்கில் பாடபேதம் (வாசக வேறுபாடு) என்று ஒருவர் மிரட்டுவார். 5,000 படிகள் இருக்கின்றன, ஆகவே உண்மை என்று இன்னொருவர் ஆறுதல் சொல்வார். இரண்டும் ஏமாற்று. பேதங்களில் பெரும்பகுதி எழுத்துப்பிழையும் சொல் முன்பின் ஆவதும்தான். படிகளிலும் பெரும்பகுதி 9ஆம் நூற்றாண்டுக்குப் பிந்தியவை. ஒரே தவறான மூலத்திலிருந்து நூறு படி எடுத்தால் சாட்சி நூறாகிவிடாது, ஒன்றுதான். தலைகளை எண்ணாமல் வம்சத்தைப் பார்க்க வேண்டும். பிறகு, எந்தப் பாடத்திலிருந்து மற்றது பிறந்திருக்கும் என்று கேட்க வேண்டும். எழுதுபவர் கரடுமுரடானதை மழுப்புவார், பாதியில் நிற்பதை முடித்துவைப்பார், வழிபாட்டில் வாய்க்குப் பழகியதைச் சேர்ப்பார். கர்த்தருடைய ஜெபத்தின் கடைசியில் "ராஜ்யமும், வல்லமையும், மகிமையும்" என்று வருவது இந்த மூன்றாம் வகை. மத்தேயு 6:13-ல் பழைய படிகளில் அது இல்லை.

விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணின் கதை (யோவான் 7:53–8:11) இன்னும் விசித்திரம். பழைய பாப்பிரஸ் படிகளில் இல்லை. சில படிகளில் லூக்கா 21-க்குப் பின்னால் இருக்கிறது, சிலவற்றில் யோவானின் கடைசியில். இப்படி இடம்விட்டு இடம் அலையும் பகுதி, பின்னால் ஒட்டப்பட்டது என்பதற்கு நல்ல அடையாளம். ஆனால் அது யோவான் எழுதியதல்ல என்று நிறுவினால், அது நடக்கவேயில்லை என்று நிறுவியதாகாது. வெளியே உலவிய பழைய நினைவு ஒன்று நூலுக்குள் தஞ்சம் புகுந்திருக்கலாம். 3ஆம் நூற்றாண்டுத் திருச்சபை நூல் ஒன்றில் இதைப் போன்ற கதை ஏற்கெனவே வருகிறது.

மறுபக்கம், பாடம் துல்லியமாக இருந்தும் செய்தி தடுக்கும் இடங்கள் உண்டு. லூக்கா 2:2-ல் பெரிய பாடபேதச் சண்டை இல்லை: இயேசு பிறந்த சமயத்தில், ரோம அதிகாரி சிரேனியு சீரியாவை ஆண்டபோது குடிமதிப்பு (மக்கள் கணக்கெடுப்பு) நடந்தது. முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் சொல்லும் கணக்குப்படி அந்தக் குடிமதிப்பு கி.பி. 6-ல். மத்தேயு இயேசுவின் பிறப்பை யூதேயா அரசன் ஏரோதின் காலத்தில் வைக்கிறார், ஏரோது கி.மு. 4-ல் இறந்தார் என்பதே பரவலான முடிவு. ஏறக்குறைய பத்தாண்டு இடைவெளி. "அதற்கு முந்திய குடிமதிப்பு" என்று இலக்கணத்தை வளைத்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது வலிந்து கொள்ளும் பொருளாகத்தான் படுகிறது.

அதே கை எழுதிய அப்போஸ்தலர் 18:12-ல், கல்லியோன் அகாயாவுக்கு அதிபதியாக இருந்தபோது பவுலைக் கொரிந்துவில் நியாயாசனத்துக்குக் கொண்டுபோனார்கள் என்று வருகிறது. டெல்பியில் கிடைத்த கல்வெட்டு கல்லியோனை ஏறக்குறைய கி.பி. 51–52-ல் அங்கே நிறுத்துகிறது. பவுலின் வாழ்க்கைக்கு ஆண்டு குறிப்பதே இதை வைத்துத்தான். ஒரே ஆசிரியர், ஓரிடத்தில் கல்வெட்டே துணை நிற்கிறது, ஓரிடத்தில் கணக்கு உதைக்கிறது. முதலாவதைக் காட்டி எல்லாம் சரி என்பதும், இரண்டாவதைக் காட்டி எல்லாம் பொய் என்பதும் ஒரே சோம்பேறித்தனம்.

கல்லியோன் அகாயாவுக்கு அதிபதியாக இருந்தான் என்று கல்வெட்டு சொல்லும். பவுல் தமஸ்குவுக்குப் போகும் வழியில் யாருடைய குரலைக் கேட்டார் என்று எந்தக் கல்லும் சொல்லாது.