தோற்ற ஆட்டத்தின் நான்கு பேர்

சென்னையில் மெடிக்கல் பில்லிங், அதாவது அமெரிக்க ஆஸ்பத்திரிகளுக்காக இன்சூரன்ஸ் கம்பெனிகளிடம் பணம் கேட்கும் வேலை, பார்த்தவர்களுக்கு அமெரிக்க ஊர்களெல்லாம் ஆஸ்பத்திரிப் பெயர்களாகத்தான் பழக்கம். எனக்குக் கென்டக்கி அப்படித்தான் அறிமுகம். பெருங்குடியில் இரவு ஷிஃப்ட், வாரத்துக்கு ஒரு ரிவ்யூ கால். அந்தப் பக்கம் பில்லிங் பிரிவைப் பார்த்துக்கொண்ட மேனேஜர் ஐம்பதைத் தாண்டியவர், இழுத்து இழுத்துப் பேசுவார். வேலைக்குச் சேர்ந்தபோது கொடுத்த பயிற்சியில் பேஸ்பால் இருந்தது, தேங்க்ஸ்கிவிங் வான்கோழி இருந்தது. கல்லூரி கூடைப்பந்து பற்றி ஒரு வரி இல்லை. அந்த மனிதரிடம் சகஜமாகப் பேசத் தேவைப்பட்டதோ அது ஒன்றுதான்.

கென்டக்கி மாநிலத்துக்கென்று என்பிஏ அணி, அதாவது தொழில்முறை கூடைப்பந்து லீக் அணி, கிடையாது. லெக்சிங்டனில் இருக்கும் பல்கலைக்கழக அணிதான் அவர்களுக்கு எல்லாம். எட்டு முறை தேசியக் கோப்பை வென்ற அணி. உள்ளூரில் ஆட்டம் என்றால் ரப் அரீனா என்ற அரங்கத்தில் இருபதாயிரம் பேர் உட்காருவார்கள். மாணவர்கள் ஆடும் ஆட்டத்துக்கு!

மார்ச் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள். எங்களுக்கு கேப் ஒரு மணி நேரம் சீக்கிரமே வாசலில் வந்து நின்று ஹாரன் அடிக்கும். அதே கையோடு கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்சிஏஏவின் தேசியக் கூடைப்பந்துப் போட்டிகளும் தொடங்கிவிடும். அங்கே இரவு ஏழு மணி ஆட்டம் இங்கே விடிகாலை நாலரைக்கு. அந்த மூன்று வாரமும் ரிவ்யூ காலில் முதல் பத்து நிமிடம் க்ளெய்ம் பற்றி யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அவரும், சிகிச்சைகளுக்குக் குறியீடு போடும் கோடிங் பிரிவைச் சேர்ந்த இரண்டு பெண்மணிகளும் பழைய ஆட்டக்காரர்களைப் பற்றிச் சண்டை போடுவார்கள். நாங்கள் மியூட்டில் கேட்டுக்கொண்டிருப்போம்.

அவரைக் கொஞ்சம் குளிர்விக்கலாம் என்று ஒருமுறை ஆண்டனி டேவிஸ் பேச்சை எடுத்தேன். 2012-ல் கோப்பை வாங்கிக் கொடுத்தவர், பிற்பாடு என்பிஏ நட்சத்திரம். "நல்ல பையன். ஒரு வருஷம் இருந்தான், போய்விட்டான்" என்று முடித்துக்கொண்டார். என்பிஏ அணிகள் புது ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் சேர அமெரிக்கப் பையனுக்குப் பத்தொன்பது வயதாக வேண்டும், பள்ளி முடிந்து ஒரு வருடமும் கழிய வேண்டும் என்று 2006-லிருந்து ஒரு விதி. அதனால் பெரிய திறமைசாலிகள் ஒரே ஒரு சீசன் ஆடிவிட்டுக் கிளம்பிவிடுவது வழக்கமாகிப்போனது. அவர்களைக் கைதட்டி ரசித்தார்கள். ஆனால் அவர்களைப் பற்றி உட்கார்ந்து கதை பேசி நான் கேட்டதில்லை.

கதை பேசியதெல்லாம் வேறு நான்கு பேரைப் பற்றி. ரிச்சி ஃபார்மர், டெரான் ஃபெல்ட்ஹாஸ், ஜான் பெல்ஃப்ரி, ஷான் உட்ஸ். முதல் மூவரும் கென்டக்கியின் சின்ன ஊர்ப் பையன்கள், உட்ஸ் மட்டும் பக்கத்து மாநிலத்து இண்டியானாபொலிஸ்காரர். 1989-ல் விதிமீறல்களுக்காக என்சிஏஏ அந்த அணியைத் தண்டித்தது. இரண்டு சீசன் தேசியப் போட்டியில் கால் வைக்க முடியாது. நன்றாக ஆடிய சிலர் வேறு கல்லூரிகளுக்குப் போய்விட்டார்கள். இந்த நான்கு பேர் போகவில்லை. ரிக் பிட்டினோ புதுப் பயிற்சியாளராக வந்தார். தடை முடிந்த 1992-ல் அணி கால் இறுதி வரை போனது.

எதிரே டியூக், முந்தைய வருடச் சாம்பியன். மார்ச் 28, பிலடெல்பியா. (மூன்று நாள் முன்னால்தான் மெல்போர்னில் இம்ரான் கான் உலகக் கோப்பையைத் தூக்கியிருந்தார். அந்த வாரம் நமக்கு வேறு எதுவும் காதில் விழுந்திருக்காது.) ஆட்டம் சமனாகி ஓவர்டைம். 2.1 விநாடி மிச்சம் இருக்கும்போது உட்ஸ் போட்ட பந்து பலகையில் பட்டு உள்ளே போனது. கென்டக்கி 103, டியூக் 102. அப்புறம் கிராண்ட் ஹில் மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு வீசினார். கிறிஸ்டியன் லேட்னர் பிடித்து, ஒரு தட்டு தட்டி, திரும்பிப் போட்டார். 104-103. லேட்னர் அன்று ஒரு ஷாட்கூடத் தவறவிடவில்லை. களத்திலிருந்து பத்துக்குப் பத்து, ஃப்ரீ த்ரோவும் பத்துக்குப் பத்து.

பந்தை வீசிய ஹில்லுக்கு முன்னால் பிட்டினோ ஏன் ஓர் ஆளை நிறுத்தவில்லை? இதைத்தான் ஒவ்வொரு மார்ச்சிலும் அலசுவார்கள். அதே ஆட்டத்தில் ஒரு கென்டக்கி பையன் கீழே விழுந்தபோது லேட்னர் அவன் நெஞ்சில் காலை வைத்தார். அவரை ஏன் வெளியே அனுப்பவில்லை என்று கோடிங் அம்மா ஒருவர் நேற்று நடந்தது மாதிரி கொதிப்பார். அந்த அணியின் உண்மையான நட்சத்திரம் ஜமால் மாஷ்பர்ன், அன்று 28 பாயிண்ட் எடுத்தவர். ஆனால் பேச்சில் அவர் பெயர் ஐந்தாவதாகத்தான் வரும். தோற்று ஊர் திரும்பிய சில நாட்களிலேயே அந்த நால்வரின் ஜெர்சியையும் ரப் அரீனாவின் கூரையில் மரியாதையாக ஏற்றிவிட்டார்கள்.

கென்டக்கி மேனேஜர் அந்த ஆட்டத்தை டிவியில் பார்த்தார், ஆனால் சத்தத்தை அடக்கிவிட்டு ரேடியோவைக் கேட்டுக்கொண்டே பார்த்தாராம். 1953-லிருந்து அணியின் வர்ணனையாளராக இருந்த காவுட் லெட்ஃபோர்டுக்குக் கென்டக்கி ஆட்டத்தில் அதுவே கடைசி. அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் இறங்கிவிடும்.

இதையெல்லாம் நள்ளிரவுச் சாப்பாட்டு நேரத்தில் கேன்டீனில் சொன்னால், குவாலிட்டி பிரிவுப் பையன் உடனே சேப்பாக்கத்துக்குப் போய்விடுவான். 1999 ஜனவரி, பாகிஸ்தான் டெஸ்ட். 271 வேண்டும். முதுகு வலியோடு சச்சின் 136. ஏழாவது விக்கெட்டாக அவர் போனபோது ஸ்கோர் 254, மீதி மூன்று பேரும் நான்கு ரன்னில் காலி. 12 ரன்னில் தோல்வி. அரங்கமே எழுந்து நின்று பாகிஸ்தானுக்குக் கைதட்டியது. ஜெயித்த எத்தனையோ டெஸ்ட்டை விட்டுவிட்டு இதைத்தான் சொல்வான். ஜெயித்த ஆட்டத்தில் மாற்றி யோசிக்க என்ன இருக்கிறது, சொல்லுங்கள்.

எங்கள் டீமில் நிஜமாகவே கல்லூரிக்குக் கூடைப்பந்து ஆடிய ஒருவர் இருந்தார். இந்தக் கதையெல்லாம் அவருக்கு எரிச்சல். "என் கூட ஆடின பாயிண்ட் கார்டு இப்போ ரயில்வேல இருக்கான். அவன் பேரை அந்தக் காலேஜ்ல யாருக்காவது தெரியுமா கேளுங்க" என்பார். நம்மூரில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை கிடைப்பதோடு ஆட்டக்காரன் கதை முடிந்துவிடுகிறது. சென்னைக்காரர், தெற்கு ரயில்வேயில் இருக்கும் இந்திய அணி முன்னாள் கேப்டன் அனிதா பால்துரைக்கு 2021-ல் பத்மஸ்ரீ கிடைத்தபோது, எங்கள் ஃப்ளோரில் பாதிப் பேர் யார் அது என்று கேட்டார்கள். கேட்ட அதே வாய்கள் லேட்னரைத் திட்டக் கற்றிருந்தன.

மேனேஜர் ஓய்வு பெறுவதற்கு முந்தைய கால்களில் ஒன்றில், எங்கள் பழைய ஆட்கள் யார் யார் எங்கே என்று விசாரித்தார். மாதா மாதம் ஸ்டார் பெர்ஃபார்மராக ஸ்லைடில் வந்த பெண்ணை நான் நினைவுபடுத்தினேன். அவருக்கு ஞாபகம் வரவில்லை. "வெள்ளத்தில் போன் பண்ணிக்கொண்டிருந்தானே, அவன்?" என்றார். 2015 டிசம்பர். வந்தவர்கள் வீட்டுக்குப் போக முடியாமல் ஆபீஸிலேயே கிடந்த நாட்கள். ஜெனரேட்டருக்கு டீசல் இருந்தவரை இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்த பையன் அவன். டார்கெட்டை எட்டியதாக எனக்கு நினைவே இல்லை. பெயரைக்கூட அவர் சரியாகச் சொன்னார். கோயம்புத்தூரில் வேறு கம்பெனியில் டீம் லீடாக இருக்கிறான் என்றேன். "அப்படியா, நல்லது" என்றவர், இன்சூரன்ஸ் நிராகரித்த பில்களின் டினையல் லிஸ்டைத் திறக்கச் சொன்னார்.