120 பெசோ

போன சனிக்கிழமை எங்கள் வீட்டு மனிதர் தேங்காய் வாங்கப் போய் 120 பெசோ சம்பாதித்துக்கொண்டு வந்தார். பதினொரு வருடக் குடித்தனத்தில் கடைக்குப் போனவர் கூடுதல் காசோடு திரும்பியது இதுதான் முதல் தடவை என்பதால், எனக்கு உடனே வயிற்றைக் கலக்கியது.

எல்லாம் அந்த பைக்கால் வந்தது. வேண்டாம் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். கறுப்பு செகண்ட் ஹேண்ட் பைக், குறுக்கே மாட்டிய தோல் பை, பத்து நாள் தாடி. இந்தக் கோலத்தில் ஓர் இந்தியன் பிலிப்பைன்ஸின் நாகா நகரச் சந்தைக்குள் நுழைந்தால், தேங்காய் வாங்க வந்திருக்கிறான் என்று யார் நம்புவார்கள்? இங்கே இந்தியன் என்றால் பும்பாய். பும்பாய் என்றால் பைவ்-சிக்ஸ், அதாவது ஐந்து கொடுத்து ஆறு வாங்குகிற தண்டல். பஞ்சாபிலிருந்து வந்தவர்கள் பிலிப்பைன்ஸ் முழுக்க தண்டல் விட்டு, குடையும் மின்விசிறியும் தவணைக்குக் கொடுத்து எடுத்த பெயர். நாங்கள் திண்டுக்கல் என்பதெல்லாம் இங்கே எடுபடாது. எதிர்வீட்டுக் குழந்தை சோறு தின்ன அடம் பிடித்தால், பாட்டி என் வீட்டைத்தான் கைகாட்டுகிறாள். பும்பாய் பிடித்துக்கொண்டு போய்விடுவானாம். நானே அந்தக் குழந்தைக்கு எத்தனை முறுக்கு கொடுத்திருப்பேன்!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பீப்பிள்ஸ் மாலில் (பெயரைக் கேட்டு எஸ்கலேட்டரை நினைக்க வேண்டாம், மீன் தண்ணீர் காலில் தெறிக்கிற சந்தைதான்) தேங்காய் துருவும் மெஷின் முன்னால் இவர் வரிசையில் நின்றிருக்கிறார். பெனாஃப்ரான்சியா மாதா திருவிழாவுக்கு ஊரே தேங்காய்ப்பால் பிழிகிற நாள். பக்கத்தில் சேப்ப இலை விற்கும் அம்மாள் ஒரு கையால் இலைக்கட்டை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, மறுகையால் இடுப்புப் பையைத் துழாவி, ஈரம் பட்ட ஒரு நூறு பெசோ நோட்டையும் ஓர் இருபது பெசோ காசையும் இவர் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கி, "இன்றைய கணக்கு தாபி" என்றிருக்கிறார் (தாபி என்பது இங்கே மரியாதைக்குச் சேர்க்கும் சொல்). நிமிர்ந்து முகத்தைக்கூடப் பார்க்கவில்லையாம். இவர் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "அம்மா, நான் அவன் இல்லை." சொன்னது என்ன தெரியுமா? "தியோஸ் மபாலோஸ்." இந்த ஊர் மொழியான பிக்கோலில் இவருக்குப் பிசகாமல் வரும் ஒரே வாசகம். நன்றி என்று பொருள். பிரித்துப் பார்த்தால், கடவுள் திருப்பித் தருவார். தண்டல்காரன் வாயிலிருந்து இதைக் கேட்ட அந்த அம்மாள் என்ன நினைத்தாரோ.

வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். 5000 வாங்கினால் 6000 கட்ட வேண்டும். நாளுக்கு 120 என்றால் 50 நாள். ஆக, ஒரு பெண்பிள்ளையின் கடனில் ஒரு முழு நாள் எங்கள் சாப்பாட்டு மேஜை மேல் கிடக்கிறது.

செப்டம்பரில் தண்டல் கொழிப்பதில் அதிசயமில்லை. திருவிழா ஞாயிறன்று எல்லா வீட்டுக் கதவும் திறந்திருக்கும். யாரோ ஒருவரின் ஒன்றுவிட்ட சித்தப்பாவின் டிரைவர் வந்து உட்கார்ந்தாலும் தட்டு வைக்க வேண்டும். எங்கள் வீட்டுச் சொந்தக்காரி மனாய் (மனாய் என்றால் இங்கே அக்கா) அறுபது பேருக்குப் பன்றிக்கறியைப் பச்சைமிளகாயிலும் தேங்காய்ப்பாலிலும் வேகவைத்துக்கொண்டிருந்தார். அந்தக் காரத்தை முகர்ந்தால் ஆந்திராக்காரர்களே அரை அடி பின்வாங்குவார்கள். யாரிடம் கடன் வாங்கினார் என்று நான் கேட்கவில்லை. 120 கதையைச் சொன்னதும் கரண்டியை நிறுத்தாமலே ஆறுதல் சொன்னார்: "இனாவையே 1981-ல் திருடிக்கொண்டு போனார்கள். அடுத்த வருஷம் திரும்பி வந்துவிட்டாள். உன் 120 எங்கே போகும்?"

இனா என்றால் அம்மா, பெனாஃப்ரான்சியா மாதா. அது சரி மனாய், இங்கே திருடியது நாங்கள் அல்லவா!

மத்தியானம் சந்தைக்கு ஓடினால் கடையில் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தது. ஆற்றுக்குப் போயிருக்கிறாராம். ஊரே ஆற்றுக்குத்தான் போயிருந்தது. ஒன்பது நாள் கதீட்ரலில் இருந்த மாதா, நாகா ஆற்றில் படகேறி தன் கோயிலான பசிலிக்காவுக்குத் திரும்புகிற நாள். லட்சக்கணக்கான தலைகளுக்கு நடுவில், இவர் முகம் மறந்துபோன ஓர் அம்மாளைத் தேடினோம். அடையாளம்? "பூப்போட்ட சட்டை." கரையில் நின்ற பாதிப் பேர் பூப்போட்ட சட்டை. பாலத்தில் ஏறிப் பார்க்கலாம் என்றால் போலீஸ் விரட்டியது. 1972-ல் இதே ஊர்வலத்தின்போது கோல்காந்தே பாலம் இடிந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்த ஊர், விரட்டத்தான் செய்வார்கள். மாதாவின் படகில் பெண்கள் ஏறக்கூடாது என்பது இங்கே பழைய வழக்கம். முந்நூறு வருஷமாக அம்மா அம்மா என்று உருகுகிறார்கள், துணைக்கு மட்டும் அத்தனையும் ஆண்பிள்ளைகள். மனாயிடம் கேட்டால், "ஏறினால் படகு நகராது" என்கிறார். எங்கள் வீட்டிலும் நான் சமையலறையை விட்டு நகர்ந்தால் எதுவும் நகராதுதான்.

இருட்டுகிற நேரம் கரை முழுக்க மெழுகுவர்த்தி. வெறுங்காலும் தலையில் கட்டிய துண்டுமாக வொயதோர்கள், அதாவது மாதாவுக்குத் துணைபோகும் ஆண் பக்தர்கள், நெருக்கியடித்து நின்ற படகுகள் வரிசையாக இழுத்துவர, நடுவில் மாதாவின் படகான பகோடா ஆடி ஆடி வந்தது. "விவா லா பிர்ஹென்!" என்று யாரோ கத்த, கரை மொத்தமும் "விவா!" என்றது. நானும் கத்தியிருக்கிறேன், எப்போது வாயைத் திறந்தேன் என்று தெரியவில்லை. பக்கத்தில் மெழுகுவர்த்திக்குப் பதிலாக அந்த ஈர நோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார் இவர். எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் கண்ணும் கலங்கியது. மெழுகுப் புகையாக இருக்கும்.

திங்கட்கிழமை அந்த அம்மாளைக் கண்டுபிடித்துவிட்டோம். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார், மீன்கடை சிரித்தது, துருவுகிற மெஷின்காரர் மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தார். பணத்தை மட்டும் வாங்கமாட்டேன் என்றார். சனிக்கிழமை அசல் தண்டல்காரர் வந்தபோது, "உன் அண்ணன் வாங்கிக்கொண்டு போய்விட்டான்" என்று சொல்லியிருக்கிறார். அவரும் தன் மச்சான்தான் வசூலித்திருப்பான் என்று நினைத்துச் சிட்டையில் குறித்துவிட்டாராம். ஆகவே இது தண்டல்காரர் பணம்.

அவர் வரும்வரை காத்திருந்தோம். வந்தார். கறுப்பு பைக், குறுக்கே தோல் பை, தாடி. இவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்து இந்தியில் கடகடவென்று பேச ஆரம்பித்தார். இவருக்குத் தெரிந்த இந்தி "நஹி மாலும்" மட்டும்தான். கடைசியில் இரண்டு இந்தியர்களும் பிக்கோலில் பேசிக்கொண்டார்கள். ஒருவர் தண்ணீர்போல, இன்னொருவர் கல் தடுக்கித் தடுக்கி. சந்தைப் பெண்கள் வியாபாரத்தை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

120-ஐ வாங்கிப் பையில் போட்டுக்கொண்ட மனிதர் அதோடு போயிருக்கலாம். "வீட்டில் விசிறி நன்றாக ஓடுகிறதா?" என்று கேட்டார். எங்கள் விசிறி ஆகஸ்டிலேயே மண்டையைப் போட்டது அவருக்கு எப்படித் தெரிந்தது?

இப்போது அவர் சிட்டையில் எங்கள் பெயரும் இருக்கிறது. தினம் 40 பெசோ. சாயங்காலம் ஐந்தரைக்கு பைக் சத்தம் கேட்டால் இவர் பின்கட்டுக்குப் போய்விடுகிறார், சில்லறை இல்லையாம். நேற்று நான்தான் வாசலுக்குப் போய், அவர் பசிலிக்காவுக்குப் போயிருக்கிறார் என்றேன். தண்டல்காரர் என் தோளுக்கு மேலாக, உள்ளே சுழன்றுகொண்டிருந்த விசிறியை எட்டிப் பார்த்தார்.

"தியோஸ் மபாலோஸ், மனாய்" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.